பத்மினிக்கு ஸ்டீரிங் வீல்: முதலில் பாஸ், அப்புறம்தான் வீல்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய ஐயா ஓட்டிய 1979 பிரீமியர் பத்மினி பல வருடம் கொட்டகையில் நின்றுவிட்டு இப்போதுதான் எஞ்சின் பிடித்திருக்கிறது. ஸ்டீரிங் வீலின் விளிம்பு ஐந்தாறு இடத்தில் வெடித்துக் கையைக் கீறுகிறது. ஐயாயிரம் ரூபாய்க்குள் வேறு வீல் போட வேண்டும், மர வீலாக இருந்தால் இன்னும் நல்லது. ஆன்லைனில் 13 இஞ்சு வீல் ஒன்று இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது, வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள் தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் வீலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், நான் பாஸிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். வெளியே வாங்கும் எந்த வீலும் நேராக ஸ்டீரிங் ராடில் உட்காராது. ராடின் நுனியில் ஸ்ப்லைன் என்ற பல் வரிசை இருக்கிறது. ஒரு பக்கம் அந்தப் பல்லைக் கவ்வி, மறு பக்கம் வீலின் ஆறு ஸ்க்ரூவைத் தாங்கும் நடுத்துண்டுதான் பாஸ். மாருதி 800-க்கு அது கடையில் ரெடிமேடாகத் தொங்குகிறது. பத்மினிக்கு அலைய வேண்டும், அல்லது லேத்தில் செய்ய வேண்டும். உங்கள் உயிர் தொங்குவது அந்தத் துண்டில்தான். ஐயாயிரத்தில் பாதிக்கு மேல் அதற்குப் போனாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்தை நேராக்கி, வீலை ஒரு விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுங்கள். டயர் அசைய ஆரம்பிக்கும் முன் விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா போகிறது என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 98, வீலில் இந்தச் சும்மா ஆட்டம், அதாவது பிளே, 30 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. 400 மி.மீ. வீலில் 30 டிகிரி என்றால் விளிம்பில் ஏறக்குறைய 10 செ.மீ. சட்டம் அவ்வளவு விட்டாலும் நான் 3 செ.மீ.-க்கு மேல் இருந்தால் வண்டியை ரோட்டில் இறக்க மாட்டேன். நின்ற வண்டியில், ஸ்டீரிங் திருப்பலை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடு எண்டின் ரப்பர் வெடித்து கிரீஸ் காய்ந்திருக்கும், ஸ்டீரிங் பெட்டியில் ஆயில் இறங்கியிருக்கும். அந்த நிலையில் புது வீல் போட்டால் பிளே இன்னும் நன்றாகத் தெரியுமே தவிர குறையாது. பட்ஜெட்டின் முதல் ரூபாய் அங்கே போகட்டும்.

சரி, அளவுக்கு வருவோம். உங்கள் பழைய வீலை டேப் வைத்து அளந்து பாருங்கள். 400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ராடைத் திருப்ப அதே முறுக்கு வேண்டும் என்பதால் 380 மி.மீ. வீலில் கைக்கு 5 சதவீதம் பலம் கூடுதலாக வேண்டும், அதாவது 15 இஞ்சில். 14 இஞ்சான 350-இல் அது 14 சதவீதம். நீங்கள் பார்த்த 13 இஞ்சில் 21 சதவீதம். படிக்கும்போது சின்ன எண்தான். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியைக் காரைக்குடி கடைத்தெருவில் பின்னால் எடுத்துத் திருப்பும்போது தோள்பட்டை சொல்லும். அசல் 5.20-14 டயருக்குப் பதில் அகலமான ரேடியல் போட்டிருந்தால் இன்னும் கனக்கும்.

விட்டத்தைவிடப் பெரிய விஷயம் குழிவு. கடைக்காரர்கள் டிஷ் என்பார்கள். வீலின் நடுத்தகட்டுக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள ஆழம் அது. தட்டையான வீலும் உண்டு, 90 மி.மீ. வரை ஆழமானதும் உண்டு. படத்தில் ஆழமான வீல்தான் அழகு. ஆனால் உங்கள் பத்மினிக்குக் கியர் ராடு தரையில் இல்லை, ஸ்டீரிங்கோடு ஒட்டி இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாஸின் உயரமும் வீலின் குழிவும் சேர்ந்து விளிம்பை உங்கள் நெஞ்சை நோக்கித் தள்ளும். கியர் ராடும் இண்டிகேட்டர் குச்சியும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினைந்து வருடத்துக்கு முன் என் பத்மினிக்கு 13 இஞ்சில், மூன்று இஞ்சு குழிவோடு ஒரு வீல் வாங்கி மாட்டினேன். கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தால் ராஜா மாதிரி இருந்தது. புதுக்கோட்டை போகும்போது திருமயம் பக்கத்தில் எதிரே ஒரு டிராக்டர். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கக் கையை நீட்டினேன், ராடு இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து முன்னால் குனிந்தால்தான் விரல் எட்டுகிறது. பிரேக்கிலேயே சமாளித்தேன். வீடு திரும்பும்வரை கண் ரோட்டில் பாதி, கியர் ராடில் பாதி. அந்த வாரமே கழற்றிவிட்டேன். கம்பெனி வீலில் விளிம்பிலிருந்து விரலை நீட்டினால் ராடு தட்டுப்படுகிறதே, அந்த இடைவெளியை ஒரு ஸ்கேலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது பாஸும் வீலும் சேர்ந்து அதை 2 செ.மீ.-க்கு மேல் கூட்டக்கூடாது. பத்மினியைப் பொறுத்தவரை இதுதான் நான் வைத்திருக்கும் வரம்பு.

பழைய வண்டி என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் காலத்து வண்டியில் மோதினால் ஸ்டீரிங் ராடு மடங்கவோ சுருங்கவோ வழி செய்திருப்பார்கள். பத்மினியில் அப்படி எதுவும் இல்லை. விளிம்பு நெஞ்சுக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு ஆபத்து. நடுவில் கூர்மையாகத் துருத்தும் ஹாரன் பட்டனும் வேண்டாம், தட்டையானதாகப் பாருங்கள். சீட் பெல்ட் இல்லையென்றால் வீலுக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

செலவில்லாத ஒரு பரிசோதனை சொல்கிறேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் 380 மி.மீ. வட்டம் வெட்டி, நடுவைத் துளைத்து வளையமாக்குங்கள். பழைய வீலின் மேல் நான்கு இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். குழிவு பார்க்க வேண்டுமானால் அடியில் செய்தித்தாளைச் சுருட்டி உயரம் கொடுங்கள். சீட்டில் உட்கார்ந்து கியர் நான்கையும் போட்டுப் பாருங்கள், இண்டிகேட்டரைத் தட்டிப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் முழுதாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். விட்டம் குறைந்தால் விளிம்பின் மேல் பகுதி கீழே இறங்கி மீட்டரை மறைக்கும். தொடைக்கு இடம் கிடைப்பதும் இதிலேயே தெரிந்துவிடும், சின்ன வீலின் உண்மையான லாபம் அதுதான். எனக்கு இந்த அட்டை சொன்ன பதில் 380 மி.மீ., குழிவு ஒரு இஞ்சுக்குள். உங்கள் உயரத்துக்கும் அதுவே ஒத்து வரும் என்று நினைக்கிறேன், ஆனால் அட்டையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி பாஸ். பழைய வீலைக் கழற்றினால்தான் ஸ்ப்லைனைப் பார்க்க முடியும். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, நடு மூடியை நெம்பி எடுங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது ராடு நுனியிலும் வீல் நடுவிலும் ஒரே கோட்டில் பஞ்ச் புள்ளி வையுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்க எடுக்காதீர்கள். நாலு மரை விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும். துரு ஆயில் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் புல்லர் போட்டு இழுங்கள். ராடின் தலையில் சுத்தியலால் அடிக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அந்த அடி நேராக ஸ்டீரிங் பெட்டியின் பேரிங்குக்குப் போகும். நீங்கள் பக்கத்தில் நின்று தடுங்கள்.

வெளியே வந்த ஸ்ப்லைனைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, ஒரு பல்லில் சாக்பீஸ் தடவிவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள். இரண்டு தரம் எண்ணி இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வெர்னியரில் வெளிக்குறுக்களவு எடுங்கள். பல் நேராக ஓடுகிறதா, நுனியை நோக்கிச் சரிகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எம்-சீல் உருட்டி அழுத்தி ஒரு அச்சும் எடுத்து வைத்துக்கொண்டால், கடைக்குப் போகும்போது வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

ரெடிமேட் பாஸ் பொருந்தினால் நல்லது. பொருந்துவது என்றால் கையால் தள்ளியதும் பல்லோடு பல் கவ்வி உட்கார வேண்டும், ஆட்டினால் துளியும் ஆடக்கூடாது, நட்டு முழு மரையும் பிடிக்க வேண்டும். ‘கொஞ்சம் லூஸ்தான், நட்டு போட்டால் டைட் ஆகிவிடும்’ என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பொருந்தவில்லையென்றால் நான் நம்பும் வழி இது. கெட்டுப்போன பத்மினி வீல் ஒன்றைப் பழைய சாமானில் பிடியுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனாமல் பாத்திரம், கண்ணாடி, தேக்குச் சாமான் என்று ஆயிரம் கிடைக்கும், ஆனால் கார் சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டைதான். விளிம்பு எவ்வளவு கெட்டிருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது நடுவிலுள்ள பல் வைத்த குழல் மட்டும். அதை வெட்டி எடுத்து, அரத்தால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், அல்லது லேத்தில் ஒரு கோடு ஓட்டச் சொல்லுங்கள். சுருள் சுருளாக வந்தால் உருக்கு, தூளாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் தெருமுனை வெல்டிங் நிற்காது, வேறு குழல் தேடுங்கள். உருக்கு என்றால் 8 மி.மீ. இரும்புத் தகட்டில் வட்டம் கடைந்து, குழலை அதில் இறுக்கமாக ஏற்றி, இரண்டு பக்கமும் சுற்றி வெல்டு வைத்து, அப்புறம் மறுபடி லேத்தில் ஏற்றித் தகட்டின் முகத்தைச் சமமாக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பல பேர் விட்டுவிடுவார்கள். வெல்டிங் சூட்டில் தகடு வளையும், வீல் சுற்றும்போது எட்டு போடும். திருச்சி, மதுரை, காரைக்குடி எங்கும் இதைச் செய்யும் டர்னர்கள் இருக்கிறார்கள். ஸ்டீரிங்குக்கு என்று சொல்லிக் கொடுங்கள், கேட் கொண்டி என்று நினைத்துச் செய்துவிடக்கூடாது. எந்தக் காரணத்துக்கும் வண்டியின் ஸ்டீரிங் ராடிலேயே வெல்டு வைக்க அனுமதிக்காதீர்கள்.

தகட்டில் துளை போடும் முன் வீலின் ஓட்டை வட்டம் தெரிய வேண்டும். ஆறு ஓட்டை வீல்களில் இரண்டு அளவு புழங்குகிறது. மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. கம்பெனிகளின் வழி வந்தவை 70 மி.மீ. நார்டி, பெர்சனல் வழி வந்தவை 74 மி.மீ. எதிரெதிர் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் அந்த எண் நேராகக் கிடைக்கும். வித்தியாசம் பக்கத்துக்கு 2 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மாற்றி வாங்கிவிட்டு ஓட்டையை அரத்தால் நீளமாக்கி மாட்டுகிறார்கள். நீளமான ஓட்டையில் ஸ்க்ரூவின் தலை உட்கார இடமில்லை, வீல் மையத்தில் நிற்காது, கொஞ்ச நாளில் தளரும். இங்கிலாந்தின் மோட்டோ-லீட்டா போல ஒன்பது ஓட்டை வீல்களும் உண்டு. நீங்களே தகடு கடைவதால் உங்களுக்கு எதுவும் தடையில்லை. வீல் கையில் வந்த பிறகு துளை போடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது வீல். ஐயாயிரத்துக்குள் அசல் மோமோ புதிதாகக் கிடைக்காது. அந்தப் பெயர் 1960-களில் இத்தாலியில் ஜியான்பியரோ மொரெட்டி என்ற பந்தய ஓட்டுநர் தனக்காகச் செய்துகொண்ட வீலிலிருந்து வந்தது. மொரெட்டி, மோன்சா என்ற இரண்டு சொல்லின் முதல் எழுத்துகள். இன்று இரண்டாயிரம் ரூபாய் வீலிலும் அதே பெயரை அச்சடித்து விற்கிறார்கள். அசல் வீலின் பின்பக்கம் தயாரித்த தேதியும் கே.பி.ஏ. என்ற ஜெர்மன் அனுமதி எண்ணும் குத்தியிருக்கும். ஆனால் முத்திரையையும் நகல் செய்யலாம், ஆகவே என் ஆலோசனை வேறு. போலிப் பெயர் போட்டதைவிட, பெயரே இல்லாத எளிய வீலை வாங்குங்கள். பெயரைத் திருடியவர் உள்ளே என்ன இரும்பு போட்டிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பெயரில்லாத வீலை எப்படிச் சோதிப்பது? கடையில் வாங்குவதுதான் நல்லது, சென்னை ஜி.பி. ரோட்டிலோ மதுரையிலோ. வீலின் நடுவை மேசை ஓரத்தில் அழுத்திப் பிடித்து, விளிம்பை எதிரெதிரே இரண்டு கையாலும் உங்கள் பலம் முழுதும் போட்டு முறுக்குங்கள். நொறுக்கென்ற சத்தம் வரக்கூடாது. வளைந்தால் திரும்பி வர வேண்டும். விளிம்பின் உறையை இரண்டு கையாலும் பிழிவது போலத் திருகுங்கள். உறை உள்வளையத்தின் மேல் வழுக்கினால் வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் அந்தப் பசை உருகி, திருப்பத்தில் உறை மட்டும் சுற்றும், சக்கரம் திரும்பாது. ஸ்போக் விளிம்போடு சேரும் இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் பட்டி தட்டுப்பட்டால் அங்கே வெல்டின் குறையை மறைத்திருக்கிறார்கள். ஸ்போக் 3 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். பளபளக்கும் அலுமினிய ஸ்போக் அழகுதான், மே மாதம் மதியம் மூன்று மணிக்கு விரல் பட்டால் சுட்டுவிடும். கறுப்பு விளிம்பும் சுடும், ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தால் போதும்.

மரம் கேட்டீர்கள். இரண்டாயிரம் ரூபாயில் வருவது பெரும்பாலும் மரப்படம் ஒட்டிய பிளாஸ்டிக். வெயிலில் மேல் பூச்சு பால் போல வெளுத்து உரியும். நிஜ மரம் வேண்டுமென்றால், செட்டிநாட்டில் பிறந்த நமக்கு வரும் முதல் யோசனை எனக்கும் வந்தது. இடிந்த வீட்டுப் பர்மா தேக்கு கிடைக்கிறது, உளி பிடித்த ஆசாரி இருக்கிறார், ஒரு வளையம் கடையச் சொன்னால் என்ன? அவரிடமே கேட்டேன். ஒரு பலகையைத் தரையில் வைத்து, அதில் வட்டம் வரைந்து, விரலால் காட்டினார். ‘இங்கேயும் அங்கேயும் ரேகை நீளவாக்கில் ஓடுது, பலமா இருக்கும். இந்த ரெண்டு இடத்துல ரேகை குறுக்கே வெட்டுது. இங்கே பிடிச்சு இழுத்தா பிஸ்கட் மாதிரி உடையும்.’ அதேதான் உண்மை. ஒரே பலகையில் வெட்டிய வளையம் ஸ்டீரிங்குக்கு ஆகாது.

செய்யும் முறை வேறு. உள்ளே உலோக வளையமும் ஸ்போக்கும் ஒரே எலும்புக்கூடாக இருக்க வேண்டும், பலம் முழுதும் அதில். மரம் அதன் மேல் சட்டை மட்டும். தேக்கைச் சின்னச் சின்ன வளைவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ரேகை வளைவோடு ஓடும்படி வைத்து, மேல் பாதி கீழ்ப் பாதி என்று இரண்டு வளையமாக்கி, உள்ளே குடைந்து உலோகத்தை நடுவில் வைத்து ஒட்டுவார்கள். மேல் துண்டின் மூட்டு கீழ்த் துண்டின் நடுவில் விழ வேண்டும், செங்கல் கட்டுவது போல. தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டும் முகங்களைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு உடனே எபாக்ஸி பூச வேண்டும், இல்லையென்றால் பசை பிடிக்காது. கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட வேண்டும். அப்புறம் உருட்டி, பின்பக்கம் விரல் பதிய மேடு பள்ளம் செய்து, வெயில் தாங்கும் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று நான்கு கை. எலும்புக்கூட்டுக்கு, உறை கெட்டுப்போன ஆனால் வெல்டு நல்ல பழைய வீல் ஒன்று போதும். ஆசாரியின் கூலி உங்கள் ஐயாயிரத்தை மீறலாம். ஆனாலும் என் கண்ணுக்கு, இந்தப் பக்கத்து வண்டியில் இதைவிடப் பொருத்தமான வீல் கிடையாது. அவசரமில்லாமல் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதே ஓட்ட வேண்டுமென்றால் இன்னொரு வழியும் இருக்கிறது, என் மனம் சாய்வது அதன் பக்கம்தான். ஐயா பிடித்த அந்த வீலையே பழுது பாருங்கள். உள்ளே இரும்பு வளையம் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று வெடிப்பு வழியாகப் பாருங்கள். வெடிப்பை வி வடிவத்தில் அகலமாக்கி, எபாக்ஸி பட்டி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் 120-இல் ஆரம்பித்து 400 வரை தேய்த்து, ஹார்ட்னர் கலந்த பெயிண்ட் அடியுங்கள். மெல்லிய விளிம்பு கைக்குப் போதவில்லையென்றால், பெயிண்டுக்குப் பதில் சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்துத் தோல் சுற்றித் தைக்கச் சொல்லுங்கள். பாஸ் செலவு இல்லை, கியர் ராடு எட்டும், ஹாரனும் இண்டிகேட்டரும் இருந்தபடியே வேலை செய்யும்.

எதைப் போட்டாலும் பழைய வீலை எறிந்துவிடாதீர்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டிய, அசல் வடிவத்தில் இருக்கும் சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். உங்கள் வண்டிக்கு அது 2029-இல் வருகிறது. சேஸிஸ், பாடி, எஞ்சின்தான் அதில் முக்கியம், ஸ்டீரிங் வீலால் தகுதி போய்விடாது. ஆனாலும் அந்த வண்டியை வண்டியாகக் காட்டுவது இப்படிப்பட்ட சாமான்கள்தான். துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

புது வீல் மாட்டும்போது இரண்டு சின்ன விஷயம். பல பழைய வண்டிகளில் ஹாரன் பட்டனின் வேலை ஒரு வயரை எர்த் செய்வது, அதாவது வண்டியின் இரும்போடு சேர்ப்பதுதான். புதுப் பட்டனில் இரண்டு முனை இருக்கும், ஒன்றை அந்த வயருக்கும் மற்றதைப் பாஸுக்கும் கொடுக்க வேண்டும். ராடில் எர்த் சரியாக வருகிறதா என்று பல்பு வைத்துப் பாருங்கள். நம் ரோட்டில் ஹாரன் இல்லாமல் ஒரு பர்லாங் கூடப் போகக்கூடாது. திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் முளை பழைய வீலின் அடியில் இருந்தால், பாஸிலும் அதே இடத்தில் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

வீல் கோணலாக உட்கார்ந்தால் ஒரு பல் தள்ளி மாட்டலாம். 36 பல் என்றால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. அதற்கும் குறைவான கோணலை டை ராடில்தான் சரி செய்ய முடியும், அலைன்மென்ட்டில் சொல்லுங்கள். நட்டை இறுக்கியதும் நட்டின் மேலும் ராடின் மேலுமாக வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுங்கள். வண்டியை நிறுத்தியபடி இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் ஹாரன் அடித்துப் பாருங்கள். பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்து, மூடியைத் திறந்து அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது, ஸ்ப்லைனை மறுபடி பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

பல் எண்ணிக்கையும் குறுக்களவும் எடுத்ததும் எழுதுங்கள் தம்பி. எம்-சீல் அச்சின் படம் ஒன்றும் சேர்த்து அனுப்பினால், தகட்டின் அளவை நான் வரைந்து தருகிறேன், அப்படியே டர்னரிடம் கொடுக்கலாம்.